கதிராகவே களஞ்சியம் சேர்ந்த மக்காச்சோளம்

அமெரிக்க நடுமேற்கு மாநிலங்களான அயோவா, இலினாய்ஸ், இண்டியானா, ஒஹாயோ, நெப்ராஸ்கா ஆகியவற்றில் 1950கள் வரை மக்காச்சோளத்தை வயலிலேயே மணியாக்கும் வழக்கம் இல்லை. தட்டையிலிருந்து கதிரை ஒடித்து, மேலுறையை உரித்து, மணிகள் கட்டையோடு ஒட்டியிருந்த நிலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காற்று புகும் சட்டக் கொட்டகையில் அது மாதக்கணக்கில் கிடந்து காய்ந்தது. பனிக்காலம் கழிந்து, சில சமயம் அடுத்த கோடையே வந்த பிறகுதான் மணி உதிர்க்கப்பட்டது. அறுவடைக்கும் மணி உதிர்ப்பதற்கும் நடுவில் இருந்த இந்த நீண்ட இடைவெளிதான் அக்காலக் கருவிகள் அனைத்தின் வடிவத்தையும் தீர்மானித்தது. தானியத்தை உலர்த்தும் வேலையைக் காற்றும் காலமும் செய்தன. கருவிகளுக்கு இருந்த பொறுப்பு, அந்தக் காற்றுக்குத் தடையில்லாத சுத்தமான கதிரைக் கொடுப்பதும், காய்ந்து முடிந்த கதிரிலிருந்து மணியை உடையாமல் பிரிப்பதுமே.

அமெரிக்காவில் மக்காச்சோளம் புஷல் கணக்கில் விற்கப்படுகிறது. மணியாக இருந்தால் ஒரு புஷலுக்கு 56 பவுண்டு, அதாவது சுமார் 25.4 கிலோ. உரித்த கதிராக இருந்தால் 70 பவுண்டு, சுமார் 31.8 கிலோ. இடையிலுள்ள 14 பவுண்டு, மணி உதிர்ந்தபின் மிஞ்சும் கட்டையின் எடை. காய்ந்த கதிரில் ஐந்தில் ஒரு பங்கு கட்டை என்பது இந்தக் கணக்கின் பொருள். இடத்தைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் அதிகம். ஒரு புஷல் மணிக்கு ஒன்றேகால் கன அடி போதும். அதே மணியைக் கதிராக வைத்தால் ஏறக்குறைய இரண்டரை கன அடி வேண்டும். அந்தக் கூடுதல் இடம் வீணானதல்ல. கதிருக்கும் கதிருக்கும் நடுவே காற்று ஓடும் வழி அதுதான்.

கையால் ஒடித்த காலத்தில் வேலை அக்டோபர் நடுவில் தொடங்கி, உறைபனி விழும் நவம்பர் கடைசிவரையும் அதற்கப்பாலும் நீண்டது. குதிரைகள் பூட்டிய வண்டி வரிசையோடு மெல்ல நகர, ஆள் அதன் பக்கத்தில் நடந்தபடியே ஒடித்து எறிந்தார். கைக்குத் துணையாக இரண்டு எளிய கருவிகள் இருந்தன. ஒன்று, விரல்களின் குறுக்கே தோல்வாரால் கட்டிக்கொள்ளும் கூர்முளை. மற்றொன்று, உள்ளங்கையில் அல்லது கட்டைவிரல் அடியில் பொருத்தப்பட்ட இரும்புக் கொக்கி. ஒரு கை கதிரைப் பிடிக்க, கொக்கி மாட்டிய கை மேலுறையைக் குறுக்கே கிழித்துத் திறக்கும். கதிர் அடிக்காம்பில் திருகி ஒடிக்கப்பட்டு வண்டியை நோக்கிப் பறக்கும். வண்டியின் மறுபுறம் உயரமான பலகைத் தடுப்பு ஒன்று நிற்கும். அதற்குப் 'பேங்போர்டு' என்று பெயர். ஒடிப்பவர் வண்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கதிர் பலகையில் மோதி உள்ளே விழும் ஓசையே போதும். நல்ல கையில் ஒரு கதிர் வண்டியைத் தொடுவதற்குள் அடுத்த கதிர் கிளம்பிவிடும். குதிரைகளுக்கும் பழக்கம் வேண்டும்; கடிவாளத்தைப் பிடிக்க ஆள் இல்லாததால், வாய்ச்சொல்லுக்கே நகர்ந்து வாய்ச்சொல்லுக்கே நிற்கும் குதிரைகள்தான் இந்த வேலைக்கு ஆகும்.

தேர்ந்த ஆள் ஒருவர் நாளொன்றுக்கு 80 முதல் 100 புஷல் ஒடித்தார். ஏக்கருக்கு 50 புஷல் விளையும் வயலில் அது இரண்டு ஏக்கரைத் தாண்டாது. 40, 50 ஏக்கர் மக்காச்சோளம் வைத்திருந்த குடும்பத்துக்கு அறுவடை ஒன்றரை மாத வேலை. மணிக்கட்டு வீங்குவதும், உறைபனி படிந்த மேலுறையால் விரல்கள் வெடிப்பதும் அந்த மாதங்களில் எல்லாரும் பொறுத்துக்கொண்டவை.

இந்தக் கடும் உழைப்பு ஒரு விளையாட்டாகவும் ஆனது. அயோவாவின் 'வாலசஸ் ஃபார்மர்' இதழின் ஆசிரியர் ஹென்றி ஏ. வாலஸ் 1922இல் கதிர் உரிக்கும் போட்டியை ஊக்குவிக்கத் தொடங்கினார். 1924இலிருந்து அது மாநிலங்களுக்கு இடையிலான போட்டியாக வளர்ந்தது. நேரம் 80 நிமிடம். வண்டியில் சேர்ந்த எடையை மட்டும் பார்த்துப் பரிசு கொடுக்கவில்லை. வயலில் விட்டுவந்த கதிருக்கும், கதிரில் ஒட்டியிருந்த மேலுறைக்கும் எடை கழிக்கப்பட்டது. வேகமும் சுத்தமும் சேர்ந்தால்தான் உழவருக்குப் பயன் என்ற தெளிவு அந்த விதியில் இருந்தது. 1930களில் தேசியப் போட்டிகளுக்கு லட்சம் பேருக்குமேல் கூடினார்கள். 1940இல் அயோவாவின் டாவன்போர்ட் அருகே நடந்த போட்டியில் இலினாய்சைச் சேர்ந்த இர்வின் பௌமன் 46.71 புஷல் எடுத்தார். புஷலுக்கு 70 பவுண்டு என்று வைத்தால், 80 நிமிடத்தில் ஏறத்தாழ ஒன்றரை டன் கதிர். 1941க்குப் பின் உலகப்போர் காரணமாகத் தேசியப் போட்டி நின்றுபோனது. போர் முடிந்தபோது, போட்டி எந்த வேலையைக் கொண்டாடியதோ அந்த வேலையே பெரும்பாலும் இயந்திரத்தின் கைக்குப் போயிருந்தது.

ஒஹாயோ, பென்சில்வேனியா எனக் கிழக்கே போகப் போக இன்னொரு வழக்கமும் இருந்தது. தட்டையோடு வெட்டி, கட்டுக்கட்டாக நிமிர்த்திச் சாய்த்து வயலிலேயே உலரவிட்டு, பிறகு கதிரைப் பிரித்தார்கள். தட்டை மாட்டுத் தீவனமாகக் கைக்கு வந்தது. இதற்காகத் தட்டையை வெட்டிக் கயிற்றால் கட்டும் இயந்திரம் 1890களில் வந்தது. கட்டுகளை வாங்கி ஒரு பக்கம் கதிரை உரித்து, மறுபக்கம் தட்டையைத் துண்டாக்கும் நிலை இயந்திரமும் வந்தது. பிந்தையது உழவர்களின் கைகளைப் பறித்ததற்காகவே அதிகம் நினைவுகூரப்படுகிறது.

நிற்கும் தட்டையிலிருந்து கதிரை ஒடிக்கும் இயந்திரத்துக்கான எண்ணம் பழையது. இலினாய்சைச் சேர்ந்த எட்மண்ட் குவின்சி 1850லேயே காப்புரிமை பெற்றார். ஆனால் எண்ணத்துக்கும் வயலில் ஓடும் இயந்திரத்துக்கும் நடுவே ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழிந்தன. தாமதத்துக்கு முதல் காரணம் விசை. தொடக்ககால 'பிக்கர்' இயந்திரங்கள் தம் சொந்தச் சக்கரம் மண்ணில் உருள்வதிலிருந்தே விசையை எடுத்தன. இழுக்க ஐந்தாறு குதிரைகள் வேண்டும். அறுவடைக் காலமோ மழையும் சேறும் கலந்த காலம். சக்கரம் வழுக்கினால் உருளைகள் நின்றன. உருளைகள் நின்றால் தட்டைகள் சிக்கி இயந்திரமே அடைத்துக்கொண்டது. டிராக்டரின் பின்புறமிருந்து சுழல்தண்டின் வழியாக விசையைக் கொடுக்கும் பி.டி.ஓ. அமைப்பு 1918 முதல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர்களில் வரத் தொடங்கியது. 1924இல் அதே நிறுவனத்தின் ஃபார்மால் டிராக்டர், வரிசைகளுக்கு நடுவே ஓடும் உயர்ந்த உடலோடும் ஒடுங்கிய முன்சக்கரங்களோடும் வெளிவந்தது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் 1920களின் இறுதியில் பிக்கர் நம்பகமான இயந்திரமானது. வண்டி நகர்ந்தாலும் நின்றாலும் உருளைகள் ஒரே வேகத்தில் சுழன்றன.

இரண்டாவது காரணம் பயிரிலேயே இருந்தது. பழைய திறந்த மகரந்தச்சேர்க்கை ரகங்களில் கதிர்கள் ஒரே உயரத்தில் நிற்காது. தட்டைகள் எளிதில் சாயும். மனிதக் கை குனிந்து எடுத்துவிடும். இயந்திரத்தின் மூக்கு சாய்ந்த தட்டையின்மேல் ஏறிப் போய்விடும். வீரிய ஒட்டு ரகங்களின் உறுதியான, சீரான தட்டைகள் இந்தத் தடையை நீக்கின. அயோவாவில் 1935இல் பத்து சதவீதத்துக்கும் குறைவான பரப்பில் இருந்த ஒட்டு ரகங்கள் நான்கே ஆண்டுகளில் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டின. அந்த விதையை வணிகமாக்க 1926இல் நிறுவனம் தொடங்கியவர், கையால் உரிக்கும் போட்டிக்கு உயிர்கொடுத்த அதே ஹென்றி வாலஸ். கைத்திறனைப் போற்றியவரே அதைத் தேவையற்றதாக்கிய விதையையும் பரப்பினார் என்பதில் முரண் எதுவும் இல்லை. இரண்டிலும் அவர் பார்த்தது உழவரின் விளைச்சலைத்தான்.

போர்க்கால ஆள் பற்றாக்குறை மீதி வேலையைச் செய்தது. 1940இல் அமெரிக்கப் பண்ணைகளில் சுமார் 1,10,000 பிக்கர்கள் இருந்தன. 1950இல் அவை சுமார் நான்கரை லட்சம். ஒஹாயோவின் கோல்டுவாட்டர் ஊரிலிருந்து வந்த நியூ ஐடியா இழுவை பிக்கர்கள், ஃபார்மால் எம் டிராக்டரின்மேல் ஏற்றும் இன்டர்நேஷனல் 2-எம், ஜான் டியரின் 227, டெ மோய்னில் உருவான உட் பிரதர்ஸ் ஒற்றை வரிசை பிக்கர் ஆகியவை அந்தக் காலத்தின் பழகிய பெயர்கள்.

எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இவற்றின் உள்வேலை ஏறக்குறைய ஒன்றே. முன்னால் தரையை ஒட்டி நீளும் கூர்மூக்குகள் வரிசையின் இருபுறமும் நுழைந்து, சாய்ந்த தட்டையையும் தூக்கி நிறுத்தும். பக்கச் சங்கிலிகளின் பற்கள் தட்டையை உள்ளே தள்ளும். அங்கே, முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த சாய்வில், திருகு வரிகள் கொண்ட இரண்டு ஒடிக்கும் உருளைகள் எதிரெதிராகச் சுழலும். அவை தட்டையைக் கீழ்நோக்கி இழுக்கும். தட்டை மெல்லியது, உருளைகளின் இடுக்கில் நுழைந்துவிடும்; கதிர் தடித்தது, நுழையாது. தட்டை கீழே போக, கதிர் மேலே தங்கி, அடிக்காம்பு முறிந்து விழும். மொத்த இயந்திரத்தின் சூட்சுமமும் இந்த ஓர் அளவு வேறுபாட்டில் இருக்கிறது. இதில் வெட்டும் கத்தி என்று எதுவும் கிடையாது.

ஒடிந்த கதிர் சங்கிலி ஏற்றியில் ஏறி உரிக்கும் தளத்துக்குப் போகும். அங்கே ஜோடி ஜோடியாக உருளைகள். சிலவற்றில் இரும்பின்மேல் சிறு முளைகள், சிலவற்றில் ரப்பர். கதிர்கள் அவற்றின்மேல் புரண்டபடி கீழிறங்கும்போது, மேலுறையின் நுனி உருளைகளின் நடுவே அகப்பட்டுக் கீழே உருவப்படும். கதிர்களை உருளையோடு அழுத்திவைக்க மேலே ரப்பர் துடுப்புகள் சுழலும். வழியில் உதிரும் மணிகளைச் சல்லடை பிடித்துக்கொள்ளும். தூசியையும் சருகையும் விசிறி ஊதித் தள்ளும். சுத்தமான கதிர் நீண்ட ஏற்றியில் ஏறி, பின்னால் இழுத்துவரும் வண்டியில் விழும். இரண்டு வரிசை பிக்கர் நாளொன்றுக்குப் பத்து ஏக்கருக்குக் குறையாமல் முடித்தது. கையால் செய்தால் ஐந்தாறு பேரின் வேலை அது.

ஆனால் இயந்திரம் கையைப் போலச் சுத்தமாக எடுத்ததில்லை. வரிசைக்கு நடுவே சிதறிய கதிரும், ஒடிக்கும் உருளையில் உரசி உதிர்ந்த மணியும் எப்போதும் இருந்தன. இழப்பைக் குறைப்பது பொருத்துபவரின் கையில் இருந்தது. உருளைகளின் இடுக்கு அகலமானால், சிறு கதிர்களின் அடிப்பகுதி அதில் கடிபட்டு மணி உதிரும். குறுகலானால் தட்டை உடைந்து அடைத்துக்கொள்ளும். உரிக்கும் உருளைகள் முரட்டுத்தனமாகப் பிடித்தால் மணி உதிரும். மென்மையாகப் பிடித்தால் மேலுறை தங்கிவிடும். பொழுதுக்குப் பொழுதும் வேறுபாடு உண்டு. காலைப் பனியில் மேலுறை வளைந்துகொடுக்கும், உருவ மறுக்கும். நண்பகல் வெயிலில் அது எளிதில் கழன்றுவிடும், ஆனால் மணியும் கூடவே உதிரும். தேர்ந்த உழவர் பிக்கரைப் பின்தொடர்ந்து நடந்து, தரையில் கிடக்கும் மணியைப் பார்த்தே உருளையைத் திருத்தினார்.

பிக்கரின் இருண்ட பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துபோவது நியாயமாகாது. ஒடிக்கும் உருளைகள் அவற்றின் இயல்பிலேயே கையை இழுப்பதற்கு ஏற்றவை. அடைத்துக்கொண்ட தட்டையை, பி.டி.ஓ.வை நிறுத்தாமல் கையால் பிடித்து இழுத்தவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். அடைப்பு விட்டதும் உருளை தட்டையை உள்ளே இழுக்கும் வேகம், மனிதன் பிடியை விடும் வேகத்தைவிட அதிகம். விரல்களை விடுவிக்க மூளை கட்டளையிடுவதற்குள் கை உள்ளே போய்விடும். கையுறை இன்னும் ஆபத்து. தனியாக வயலில் வேலை செய்தவர்களுக்கு உதவிக்கும் ஆள் கிடையாது. நடுமேற்கு மருத்துவமனைகளில் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இந்தக் காயம் வந்தது. அறுவை மருத்துவ இதழ்களில் அதற்கென்றே தனி இலக்கியம் உருவானது. ஒரு தலைமுறை உழவர்களில் விரலோ கையோ இழந்தவர்கள் எந்த ஊரிலும் இருந்தார்கள். நாட்கள் குறுகி, மழை நெருங்கி, ஒவ்வோர் அடைப்பும் நேரத்தைத் தின்னும் பருவத்தில், இறங்கி இயந்திரத்தை நிறுத்தும் அரை நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் நேர்ந்தவை இவை. டிராக்டரின்மேல் ஏற்றிய பிக்கர்களில் தீயும் ஓர் அச்சம். எஞ்சினைச் சுற்றிலும் காய்ந்த சருகு குவியும், புகைப்போக்கியோ கொதிக்கும். அடிக்கடி நிறுத்திச் சருகைத் தள்ளுவது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

வயலிலிருந்து வந்த கதிர் 'கிரிப்' எனப்படும் கொட்டகைக்குப் போனது. இதன் சுவர் முழுப் பலகையால் ஆனதல்ல. இடைவெளிவிட்டு அறைந்த மரச்சட்டங்களின் வழியே காற்று குறுக்கே கடந்துபோகும். கிரிப் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், உயரமாகவும் இருக்கலாம். அகலமாக மட்டும் இருக்கக்கூடாது. காற்று நடுவரை எட்டாவிட்டால் நடுவிலிருக்கும் கதிர் பூசணம் பிடிக்கும். அயோவாவில் ஏழு எட்டு அடி அகலம் வழக்கம். குளிரும் ஈரமும் மிகுந்த வடக்கே இன்னும் குறுகலாகக் கட்டினார்கள். கதிரில் தங்கிய மேலுறையும் உதிர்ந்த மணியும் காற்று வழியை அடைக்கும். ஆகவே பிக்கரின் உரிக்கும் உருளையைத் திருத்தும் கவலையின் வேர் உண்மையில் கிரிப்பில் இருந்தது. மணியில் ஈரம் 20 சதவீதம் அளவுக்குக் குறையும்வரை ஒடிக்காமல் காத்திருந்ததும் இதற்காகவே. அங்கிருந்து அடுத்த வசந்தத்துக்குள் காற்று அதை 13, 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

பெரிய பண்ணைகளில் இரண்டு கிரிப்புகளை எதிரெதிரே கட்டி, நடுவே வண்டி போக வழிவிட்டு, ஒரே கூரையால் மூடினார்கள். கூரையின் உச்சியில் ஒரு சிறு மாடம் நிற்கும். உள்ளே அமைந்த வாளிச் சங்கிலி ஏற்றி கதிரை அங்கே தூக்கி, இருபுறமும் சரியவிடும். சிறு பண்ணைகளில் சக்கரத்தில் நகர்த்தும் சாய்வு எலிவேட்டர் போதுமானதாக இருந்தது. போருக்குப்பின் கம்பிவலையால் ஆன வட்ட கிரிப்புகள் மலிவாக வந்தன. அயோவா, இலினாய்ஸ் கிராமச் சாலைகளில் இன்றும் சாய்ந்து நிற்கும் மரக் கிரிப்புகள் பலவற்றை இடிக்கவும் மனமில்லாமல், பயன்படுத்தவும் வழியில்லாமல் உரிமையாளர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள். கட்டடக்கலையாகவும் வேளாண் அறிவாகவும் அவை காக்கப்பட வேண்டியவை.

கிரிப் ஒரு வங்கிப் பெட்டகமாகவும் இருந்தது. பெருமந்தத்தில் மக்காச்சோள விலை அடிமட்டத்துக்கு விழுந்தபோது, 1933 அக்டோபரில் அமெரிக்க அரசு பண்டக் கடன் கழகத்தை நிறுவியது. உழவர் தம் கிரிப்பில் உள்ள கதிரை அடமானமாகக் காட்டி, புஷலுக்கு 45 சென்ட் கடன் பெற்றார். அதிகாரி வந்து அளந்து கிரிப்புக்கு முத்திரையிட்டார். விலை ஏறினால் விற்றுக் கடனை அடைக்கலாம். ஏறாவிட்டால் தானியத்தை அரசிடம் விட்டுவிடலாம். இத்திட்டம் நடந்தபோது வேளாண் துறைச் செயலாளராக இருந்தவரும் வாலஸ்தான். கதிராக வைத்தால் நீண்டகாலம் கெடாது என்பதால்தான் இப்படி ஒரு கடன் ஏட்டில் எழுதுவதோடு நிற்காமல் நடைமுறையிலும் நடந்தது.

மணி உதிர்க்கும் கருவிகளின் வரலாறு பிக்கரைவிட நீளமானது. முதலில் இரும்பு விளிம்பில் கதிரைத் தேய்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வார்ப்பிரும்புக் கை 'ஷெல்லர்'கள் பரவின. நியூயார்க் மாநிலம் ஜெனீவாவில் தாமஸ் பரல் 1840களில் செய்த கருவி அவற்றில் பெயர்பெற்றது. டென்னஸியின் கிளார்க்ஸ்வில்லில் ஏ.எச். பாட்ச் தயாரித்த 'பிளாக் ஹாக்' என்ற சிறு கருவி, ஒரு மரப்பெட்டியின் விளிம்பில் இறுக்கிக்கொள்ளத்தக்கது. கோழிக்கும் மாவரைக்கவும் வேண்டிய மணியை வீட்டுப் பிள்ளைகளே அதில் உதிர்த்துவிடுவார்கள். இந்தியாவில் போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய, கையில் பிடித்துக் கதிரைத் திருகும் எண்கோணக் குழாய்க் கருவி இதே தேவைக்குக் கிடைத்த இன்னும் எளிய விடை.

கை ஷெல்லரின் உள்ளே மூன்று உறுப்புகள் முக்கியம். பற்கள் நிறைந்த இரும்புத் தட்டு ஒன்று வேகமாகச் சுழலும். அதன் எதிரே சிறிய சரிவுச் சக்கரம் கதிரைச் சுழற்றிக்கொண்டே கீழே நகர்த்தும். மூன்றாவதாக, வில்கம்பியால் இறுக்கப்பட்ட ஓர் இரும்பு நாக்கு, கதிரைப் பற்களோடு அழுத்திவைக்கும். கதிர் பருத்திருந்தால் வில் விரியும், மெலிந்திருந்தால் சுருங்கும். மணி கீழே கொட்ட, கட்டை முழுதாக வேறு வழியே வெளியே விழும். இப்படி ஒரு துளை, இரண்டு துளை என்று தொடங்கியவை, குதிரைச் செக்காலும் நீராவியாலும் பெட்ரோல் எஞ்சினாலும் ஓடும் நான்கு, ஆறு, எட்டுத் துளை இயந்திரங்களாகப் பெருகின. இலினாய்சின் சாண்ட்விச் ஊரில் அகஸ்டஸ் ஆடம்ஸ் தொடங்கிய தொழிற்சாலை இவ்வகையில் முன்னணியில் இருந்தது. வில் ஷெல்லரின் குறை, கதிர்கள் சுத்தமாக உரிக்கப்பட்டிருக்க வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக நுனி முந்தி நுழைய வேண்டும் என்பதே.

அந்தக் குறையை உருளை ஷெல்லர் தீர்த்தது. இதில் கம்பிகளால் ஆன கூண்டுக்குள், குமிழ்கள் பதித்த கனமான உருளை சுழலும். கதிர்கள் எப்படி விழுந்தாலும் சரி, ஒன்றோடொன்றும் கூண்டோடும் உரசி மணியை இழக்கும். மணி கம்பி இடுக்கில் விழும். கட்டை கூண்டின் மறுமுனையில் வெளிவரும். மேலுறையை விசிறி உறிஞ்சி ஊதிவிடும். உரிக்காத கதிரையும் இது ஏற்றுக்கொண்டது. ஜோலியட், மினியாபோலிஸ்-மோலின் உருளை ஷெல்லர்கள் லாரியின்மேல் ஏற்றப்பட்டு, 1940, 50களில் ஊர் ஊராகக் கூலிக்குச் சென்றன.

மணி உதிர்க்கும் நாள் பண்ணையில் ஒரு கூட்டு உழைப்பு நாள். கிரிப்பின் தரையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் விட்டு, மேலே பலகை மூடியிருக்கும். பலகைகளை ஒவ்வொன்றாக எடுக்க, கதிர் பள்ளத்தில் ஓடும் இழுவைச் சங்கிலியில் தானே சரிந்து ஷெல்லருக்குப் போகும். சரியாத பகுதியை அக்கம்பக்கத்து ஆட்கள் வளைந்த முள்வாரியால் இழுத்துவிடுவார்கள். தூசி மூச்சை அடைக்கும், இரைச்சலில் பேச்சு கேட்காது. குவியல் தாழத் தாழ அடியில் குடியிருந்த எலிகள் கிளம்பி ஓடும். அவை காலில் ஏறாமலிருக்கக் கால்சட்டையின் அடியைக் கயிற்றால் கட்டிக்கொள்வது வழக்கம். எலி பிடிக்க நாய்களும் காத்திருக்கும். நண்பகலில் வீட்டுப் பெண்கள் இருபது பேருக்குச் சமைத்துப் போடுவார்கள். இந்த உழைப்புக்குக் கூலி பேசுவதில்லை. இன்று இங்கே வந்தவர் வீட்டுக்கு நாளை இவர் போவார்.

மணி லாரியில் தானியக் கொள்முதல் நிலையத்துக்குப் போக, முற்றத்தில் கட்டைகள் மலையாகக் குவியும். அவை வேகமாகப் பற்றி நல்ல சூடு தரும். சமையலறை அடுப்பு ஆண்டு முழுவதும் அவற்றால் எரிந்தது. பன்றித் தொழுவத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் படுக்கையாகின. மாட்டுக்கு வைப்பவர்கள் பல சமயம் மணியை உதிர்க்காமலே, கதிரைக் கட்டையோடு சுத்தியல் ஆலையில் அரைத்தார்கள். கட்டையின் நார் அசைபோடும் விலங்குக்கு ஒத்துப்போனது.

இந்த முறையை முடித்துவைத்தது கம்பைன் அறுவடை இயந்திரம். 1954இல் ஜான் டியர் தன் 45 மாடல் கம்பைனுக்கு இரண்டு வரிசை மக்காச்சோள முகப்பை விற்கத் தொடங்கியது. ஒடிப்பதும் மணி உதிர்ப்பதும் ஒரே ஓட்டத்தில் முடிந்தன; கட்டை வயலிலேயே விழுந்தது. இயந்திரத்தைச் சுற்றி ஆட்கள் தேவையில்லை, கிரிப்பும் தேவையில்லை. சிதறும் கதிரின் இழப்பைத் தவிர்க்க ஈரம் 25 சதவீதம் இருக்கும்போதே அறுக்க முடிந்தது. ஆனால் மணியாகக் குவித்த ஈரத் தானியத்தின் நடுவே காற்று தானாக ஓடாது. சில நாட்களில் அது சூடாகிக் கெடும். ஆகவே கம்பைனோடு எரிவாயு உலர்த்தியும் எஃகுக் களஞ்சியமும் சேர்ந்தே வந்தன. ஒரு புஷலில் ஒரு சதவீத ஈரத்தைக் குறைக்கச் சுமார் 0.02 கேலன் புரொப்பேன் வேண்டும் என்பது வேளாண் பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஏக்கருக்கு 200 புஷல் விளையும் இன்றைய வயலில், 25 சதவீதத்திலிருந்து 15க்குக் கொண்டுவர 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர் எரிபொருள் செலவாகிறது. கிரிப் இந்த வேலையைக் காற்றைக்கொண்டே செய்தது. அதற்கு ஈடாக ஆள்பலத்தையும், எலிக்கும் பூசணத்துக்கும் ஒரு பங்கையும் கேட்டது. கம்பைன் பெருமளவு கைகளைக் காப்பாற்றியது என்பதை மறந்து பழைய முறையைப் புகழ்வது தவறு. எரிபொருள் கணக்கை மறைத்துப் புதியதைப் புகழ்வதும் அதே அளவு தவறு.

கதிராக அறுவடை செய்யும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. விதை மக்காச்சோளத்தை இன்றும் ஈரமாகவே கதிராக எடுத்து, மிதமான சூட்டில் கதிராக உலர்த்தி, பிறகே மென்மையாக உதிர்க்கிறார்கள். ஈர மணியைக் கம்பைன் அடித்தால் முளைத்திறன் சேதமாகும். மிசூரியின் வாஷிங்டன் ஊரில் 1869 முதல் கட்டையைக் குடைந்து புகைக்குழாய் செய்யும் மிசூரி மீர்ஷாம் நிறுவனத்துக்கு முழுக் கட்டை வேண்டும். கம்பைன் அதை நொறுக்கிவிடும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், ஒஹாயோவின் ஹோம்ஸ் மாவட்டங்களில் அமிஷ் என்னும் கிறித்தவச் சமயக் குழுவைச் சேர்ந்த உழவர்கள், தனி எஞ்சின் பொருத்திய பழைய பிக்கரைக் குதிரைகள் இழுக்க, கிரிப்பை இன்றும் நிரப்புகிறார்கள். கையால் உரிக்கும் போட்டிகளும் குறைந்த நேர அளவோடு மீண்டும் நடக்கின்றன.

இலினாய்சின் ரான்டூல் முன்னாள் விமானப்படைத் தளத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் இறுதியில் 'ஹாஃப் செஞ்சுரி ஆஃப் புராகிரஸ்' என்ற பழங்கருவிக் கண்காட்சி கூடுகிறது. அங்கே பிக்கரும் ஷெல்லரும் உண்மையான வயலில் ஓடுகின்றன. ஓட்டுவதற்கு இயந்திரத்தைப் பழுதுபார்த்தால் மட்டும் போதாது, பயிரையும் பழையபடி ஆக்க வேண்டும். பழைய பிக்கர்கள் 38 முதல் 42 அங்குல வரிசை இடைவெளிக்குச் செய்யப்பட்டவை. அந்த அகலம் வரிசைக்கு நடுவே குதிரை நடப்பதற்காக வந்தது. இன்றைய வயல்களில் பெரும்பாலும் 30 அங்குலம். இரண்டு வரிசை பிக்கரின் மூக்குகள் அதில் பொருந்தா. ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரம் செடி என்று எண்ணிச் செய்த உருளையில் முப்பதாயிரத்துக்கும் மேல் தட்டைகள் திணிந்தால் அடைக்கும். எனவே அகன்ற வரிசையில் விதைத்த வயலைத் தேடுகிறார்கள். கிடைக்காதபோது ஒற்றை வரிசை பிக்கரைக் கீழ்க் கியரில் மெதுவாக ஓட்டுகிறார்கள். தேய்ந்த உருளை வரிகளைப் பற்றவைத்து உயர்த்துவதும், இறுகிய ரப்பரை மாற்றுவதும், சங்கிலிகளுக்கு எண்ணெய் இடுவதும் பருவத்துக்கு முன்பே முடிக்கப்படுகின்றன. பி.டி.ஓ. தண்டின் மூடி பழைய இயந்திரங்கள் பலவற்றில் தொலைந்துபோயிருக்கும். புதியதை வாங்கிப் பொருத்திய பின்பே அவற்றை வயலில் இறக்க வேண்டும். அடைப்பை எடுக்குமுன் எஞ்சினை நிறுத்தி, சுழலும் உறுப்புகள் முற்றிலும் நிற்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.